வந்துகொண்டிருக்கிறான்

கலைமதி அப்பாவை இடப்பக்கம் புரட்டி, முதுகைத் தன் முழங்காலால் முட்டுக்கொடுத்து, நனைந்த துணியைக் கீழிருந்து உருவிக்கொண்டிருந்தபோதுதான் அவர் கேட்டார்.

"எங்க வந்துகினு இருக்கான்?"

உருவின துணி கையிலேயே நின்றது. யாரைக் கேட்கிறார் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார். தம்பி செந்தமிழ் இந்த வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவனைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பிளேன் ஏறிட்டாம்ப்பா. விடியறதுக்குள்ள ஏறிட்டான்."

"கெளம்பிட்டான்னு நேத்தே சொல்லிக்கினு இருந்தீங்களே. இப்ப எங்க வந்துகினு இருக்கான்?"

அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. காய்ந்த துணியை விரித்து, அவரை மெல்ல மல்லாக்கக் கிடத்தி, மார்புச் சளி ஏறாமல் தலைக்கு இரண்டு தலையணை வைத்துவிட்டுத்தான் போனை எடுத்தாள். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டுகிற ஆப் ஒன்றை அவள் புருஷன் அசோகன் முந்தின நாள் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தான். நீலத் திரையின் நடுவில் மஞ்சளாக ஒரு குட்டி விமானம். வெறுமனே பார்த்தால் நிற்பது போலிருக்கும். வேறு வேலை பார்த்துவிட்டு வந்து பார்த்தால் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும்.

அதை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். கிட்டத்துப் பார்வை போய் அவருக்கு நாளாகிவிட்டது. இருந்தும் உற்றுப் பார்த்தார்.

"இதென்னா நீலமா?"

"கடலுப்பா."

"நாம எங்க இருக்கோம்?"

விரலால் படத்தைச் சுருக்கினாள். "தோ, இது நம்ம பக்கம். அவன் அந்த மூலையில வர்றான். நடுவுல சிங்கப்பூரு. அங்க எறங்கி வேற பிளேன் மாறணும்."

"எம்மாந் தூரம்?"

"ஆக்லாந்துலேர்ந்து சிங்கப்பூருக்கே எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டராம். பதினோரு மணி நேரம். அங்கேர்ந்து மெட்ராசு ஒரு மூவாயிரம் இருக்கும். அதுக்கு நாலு மணி நேரம்."

அப்பா இதை மனசில் போட்டுப் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. மரக்காணத்து உப்பளத்தில் ஐம்பது வருஷம் வேலை செய்தவர். உப்பு லாரியோடு ஒருதடவை பெங்களூர் வரைக்கும் போய்வந்ததுதான் அவர் போன தூரம்.

"சோறு தருவாங்களா உள்ள?"

"தருவாங்க."

"ம்," என்றார். பிறகு, "கடலு முச்சூடும் தாண்டணுமா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் போன வாரமே சொல்லிவிட்டார்கள், நுரையீரலில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. கலைமதியைப் பிரம்மதேசத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மார்கழியில் அப்பா படுத்ததிலிருந்து அவள் இங்கேதான் கிடக்கிறாள். அசோகன் ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு ராத்திரி அவனே சோறாக்கித் தின்றுகொண்டிருந்தான். தூக்கம் என்பது அவளுக்கு உட்கார்ந்த இடத்தில், நின்ற இடத்தில், அடுப்பில் பால் பொங்குவதற்கு முன்னால் வந்து போகிற ஒன்றாகிவிட்டது. தம்பிக்குப் போன் போட்டது யாரையும் கேட்டுச் செய்த காரியமில்லை. இருமல் நிற்காத ஒரு மத்தியானம் புழக்கடையில் போய் நின்று, "வர்றதுன்னா இப்ப வந்துடு," என்று மட்டும் சொன்னாள். அவன் அழுதான். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டில் படித்து அங்கேயே வேலையில் இருந்தவனுக்கு, அப்பா தன் தங்கை மகள் சிவசங்கரியைப் பேசி முடித்திருந்தார். அவனும் வந்தான். பத்திரிகை வைத்தாகிவிட்டது. பந்தக்கால் நட்டாகிவிட்டது. அங்கே ஒருத்தியோடு பழக்கம் என்பதை வாயைத் திறந்து சொல்லத் துப்பில்லாமல், கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மெட்ராஸில் நண்பனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் விமானம் ஏறிவிட்டான். அப்பாதான் வானூருக்குப் போய்த் தங்கச்சி வீட்டு வாசலில் கைகட்டி நின்றார். அதற்குப் பிறகு அவன் போன் வருகிற நேரம் பார்த்து அவர் சட்டையை மாட்டிக்கொண்டு உப்பளத்துப் பக்கம் போய்விடுவார். படுத்த பிறகு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

நனைந்த துணிகளை அள்ளிக்கொண்டு கலைமதி பின்பக்கம் போனாள். வைகாசி வெயில் காலையிலேயே சுள்ளென்று ஏறியிருந்தது. குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே கொஞ்சம் கண்ணசந்துவிட்டாள். அம்மா பாப்பாத்தி கூப்பிட்ட சத்தம் முதலில் கனவில் கேட்பது போலிருந்தது.

"கலை. செத்த வா."

பாப்பாத்தி சத்தம்போட்டுக் கூப்பிடவில்லை. அதனாலேயே கலைமதி ஓடினாள்.

அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு மூச்சு வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. கலைமதி தரையில் மண்டிபோட்டு, சோப்பு நுரை போகாத கையை அவர் மார்பில் வைத்தாள். இரண்டு பேரும் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார்கள். தெருவில் ஒருவன் கோலா மீன், கோலா மீன் என்று கூவிக்கொண்டு வண்டியில் போனான். அவன் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்துபோன பிறகும் அந்த மூச்சு வரவில்லை.

அம்மாதான் கையை நீட்டிக் கண்ணை மூடினாள்.

"அவனுக்கு சொல்ல முடியாதா?"

"பிளேன்ல போன் எடுக்காதும்மா."

"எப்ப எறங்குவான்?"

"சாயந்தரம் ஆவும்."

"அப்ப அவனுக்கு சாயந்தரந்தான்," என்றாள் அம்மா. எழுந்துபோய் மாடத்து விளக்கை எடுத்துவந்து, திரியைத் திருகி, அப்பாவின் தலைமாட்டில் ஏற்றிவைத்தாள். அதற்குப் பிறகுதான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குனிந்தாள்.

கலைமதி போனைப் பார்த்தாள். மஞ்சள் விமானம் கடலைத் தாண்டி ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்திருந்தது. தம்பிக்குச் செய்தி அனுப்பலாம் என்று எடுத்து, 'அப்பா' என்று அடித்தாள். அடுத்த வார்த்தை விரலில் வரவில்லை. அந்த ஒரு சொல்லையும் அழித்தாள்.

உப்பு வாரப் போனவர்கள் வெயில் ஏறித் திரும்புகிற நேரம் அது. செய்தி கேட்டு நேராக வந்தார்கள். அப்பாவோடு இருபது வருஷம் பாத்தியில் நின்ற மேரிசெல்வி, முட்டி வரைக்கும் உப்பு வெள்ளையாகப் பூத்த காலோடு வாசலிலேயே நின்று, "அண்ணே, நேத்துகூட பேசினியே அண்ணே," என்று ஒரே குரலில் அழுதுவிட்டு, அழுகையை அப்படியே நிறுத்திக்கொண்டு, அண்டா எங்கே இருக்கிறது என்று கேட்டு உள்ளே போனாள். யாரோ பந்தல் போட ஆள் அனுப்பினார்கள். யாரோ ஐஸ் பெட்டிக்குச் சொன்னார்கள். கலைமதியை ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்று கேட்டார்கள். புதுவேட்டி எங்கே, அரிசி எங்கே, பழைய போட்டோ எங்கே. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னோம் என்பது சொன்ன மறுநிமிஷம் அவளுக்கு நினைவில் இல்லை.

"பையன் எங்க வர்றான்?" என்றும் கேட்டார்கள். அதற்கு மட்டும் போனை எடுத்துப் பார்த்துச் சொன்னாள்.

அப்பாவின் தம்பி சுப்ராயன் மத்தியானத்துக்கு மேல் அவளைத் தனியே கூப்பிட்டார். அண்ணனைவிட ஆறு வயசு இளையவர். காலையிலிருந்து பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அப்போதுதான் பேசத் தெம்பு வந்தது போலப் பேசினார்.

"இன்னா முடிவு பண்ணியிருக்க?"

"தமிழு வந்துடுவான் சித்தப்பா. காத்தால வந்துடுவான்."

"காத்தாலன்னா? இன்னிக்கு ராத்திரி முச்சூடும் வெச்சிருக்கணும். மூணு தபா கரண்ட் போயிடுச்சி, பாத்தியா இல்லியா? இந்த வெயில்ல ஐஸ் பெட்டி என்னா தாங்கும்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, அண்ணன் உயிரோட இருக்கச்சொல்ல ஒரு வார்த்த பேசாதவன் அவன். அன்னிக்கி வானூர்ல எங்கண்ணன் நின்ன நெலம எனக்குத்தான் தெரியும். கூட போனவன் நானு. அவனுக்கோசரம் எங்கண்ணன் நாறிக்கினு கெடக்கணுமா? பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம். உம் புருசன் கொள்ளி வெக்கட்டும். இல்லன்னா நான் வெக்கிறேன்."

கலைமதிக்குச் சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. அப்பாவே அவனைக் கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல ஆரம்பித்தால் முதலிலிருந்து சொல்லவேண்டும், சொல்லும்போது அழுகை வரும், அழுதால் நாலு பேர் வந்து பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பெரிய வேலைக்கு அவள் உடம்பில் தெம்பில்லை.

"அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்குங்க சித்தப்பா," என்றாள்.

அம்மாவைக் கேட்டார்கள். பாப்பாத்தி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பச்சை மூங்கில் வந்து இறங்கியது. மேளக்காரர்கள் வந்து தெருவோரம் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள்.

சிவசங்கரி அப்போதுதான் வந்தாள். புருஷனோடு வண்டியில் வானூரிலிருந்து வந்தவள், வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேராக ஐஸ் பெட்டியிடம் போய்க் கண்ணாடிமேல் நெற்றியை வைத்து, "மாமா," என்றாள். அந்தக் கல்யாணம் நின்றதற்குப் பிறகு கண்ணியமான இடமாகத்தான் அவளுக்கு அமைந்தது. இரண்டு பிள்ளைகள். நல்லது கெட்டதுகளில் பார்த்துக்கொள்ளும்போது கலைமதிக்குத்தான் அவளை நிமிர்ந்து பார்க்க ஒரு மாதிரி இருக்கும். அழுது முடித்துவிட்டு அவள் வந்து கலைமதியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க வந்துகினு இருக்குது அது?"

கலைமதி போனைக் காட்டினாள். விமானம் சிங்கப்பூரை ஒட்டி வந்திருந்தது.

"எறங்கப் போவுது," என்றாள் சிவசங்கரி.

மூங்கிலை வெட்டி, குறுக்குக் கழிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பியின் படம் திரையில் வந்தது. கலைமதி எழுந்து அடுக்களைக்குள் போனாள். மேளச் சத்தம் அங்கேயும் கூடவே வந்தது.

"அக்கா. எறங்கிட்டேன். சிங்கப்பூர்ல இருக்கேன். அப்பா எப்படி இருக்காரு?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். அவனுக்கு அடுத்த விமானம் ராத்திரிதான். அதுவரைக்கும் முகம் தெரியாத அத்தனை பேருக்கு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அப்புறம் நாலு மணி நேரம் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இருட்டில். பக்கத்தில் யார் இருப்பார்களோ.

"இருக்காருடா," என்றாள்.

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் எதையோ அறிவித்தது மட்டும் கேட்டது.

"அது என்னாக்கா மேளம்?"

"கல்யாணம்டா. தெருமொனையில."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது. கொஞ்சம் பொறுத்து, "அக்கா, போன அப்பா காதுல வை. நான் பேசணும். அவரு பதில் பேச வேணாம்," என்றான்.

"டேய்..."

"வைக்கா."

அவள் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாசலில் நின்ற சுப்ராயன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"தமிழு," என்றாள் கலைமதி. "அப்பாகிட்ட பேசணுமாம்."

"ஏன், அவனுக்கு நீ சொல்லல?"

அவள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். சுப்ராயன் தோள் துண்டை எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்று தெரியாதவர்போல மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

சிவசங்கரிதான் எழுந்தாள். விடுவிடுவென்று வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனாள். அவள் என்ன சொன்னாளோ, ஓர் அடி பாதியில் நிற்க, மேளம் ஓய்ந்தது. திரும்பி வந்தவள் ஐஸ் பெட்டியின் ஒரு பக்கம் நின்று கண்ணாடி மூடியைப் பிடித்தாள்.

"புடிக்கா அந்தாண்ட."

இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். குளிர் புகைபோல மேலே வந்து கலைமதியின் கழுத்தில் பட்டது. மேரிசெல்வி ஓடிவந்து அவள் பக்கத்து மூடியை வாங்கிக்கொண்டாள். கலைமதி குனிந்து, அப்பாவின் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணியைக் காதுப்பக்கம் கொஞ்சம் விலக்கி, போனை வைத்துப் பிடித்தாள். காது கல் மாதிரி சில்லென்றிருந்தது.

"பேசுடா," என்றாள்.

"அப்பா," என்றான் அவன். போனைக் காதோடு ஒட்டிப் பிடித்திருந்தும் அந்த அமைதியில் அவளுக்குக் கேட்டது. "நாந்தாம்ப்பா. தமிழு. சிங்கப்பூர் வந்துட்டேன்." நிறுத்தினான். "ஜன்னலோரம் சீட்டு கெடச்சிதுப்பா. ஆஸ்திரேலியா மேல வரச்சொல்ல கீழ பாத்தேன். வெள்ள வெள்ளையா ஏரி. தண்ணி வத்திப்போயி முச்சூடும் உப்பு. வந்துகினே இருக்குதுப்பா, முடியவே இல்ல. வாரறதுக்கு ஒரு ஆளு கெடையாது. நீ பாத்திருந்தா..."

அவன் குரல் அதற்கு மேல் வரவில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்தான், மெதுவாக, அவளுக்கு எட்டாத குரலில். கலைமதி கையை அசைக்காமல் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அது அவள் கேட்க வேண்டியது இல்லை என்று தோன்றியது. விரல்கள் விறைத்துப்போயின. மூடியைப் பிடித்திருந்த சிவசங்கரி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஒரு குழந்தை என்னவோ கேட்க, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

அவன் ரொம்ப நேரம் பேசினான். கடைசியில், "அக்கா," என்று கூப்பிட்டான்.

"ம்."

"பேசிட்டேன். வந்துடறேன்."

போன் அணைந்தது. மூடியை இறக்கினார்கள். கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்து அப்பாவின் முகம் மங்கலாகிப்போயிருந்தது.

சுப்ராயன் வாசலுக்குப் போனார். கழி கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் அவர் பேசுவது உள்ளே கேட்டது. "அத்த ஓரமா வெச்சிடுங்கப்பா. காத்தால எடுத்துக்கலாம். கரண்ட் போனா ஜெனரேட்டருக்கு இப்பவே சொல்லி வைங்க." யாரோ ஏதோ கேட்டதற்கு, "அதான் சொல்றேன் இல்ல," என்று எரிந்து விழுந்தார். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் கலைமதியின் பக்கம் வரவில்லை.

அசோகன் வாடகைக்குக் கார் எடுத்துக்கொண்டு மீனம்பாக்கம் போனான். அவனிடம் கலைமதி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீங்க எதுவும் சொல்லாதீங்க. கூட்டியாங்க. நான் சொல்லிக்கிறேன்." எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். சொல்லப்போகும் வார்த்தைகளை மனசில் அடுக்குவாள். அடுக்கி முடிப்பதற்குள் கண் செருகிவிடும். விழிக்கும்போது மறுபடியும் முதலிலிருந்து அடுக்குவாள்.

கிழக்கே வெளுத்து, கடற்காற்று திரும்புகிற நேரத்தில் கார் தெருமுனையில் திரும்பியது. கலைமதி பந்தலுக்கு வெளியே ஓடிவந்து நின்றாள். முதலில் அசோகன் இறங்கினான். அந்தப் பக்கக் கதவு திறந்தது. கசங்கிய சட்டையும் ஒன்பது வருஷத்தில் முன்னந்தலை ஏறிப்போன நெற்றியுமாகத் தம்பி இறங்கினான். இரண்டு கைகளிலும் தாங்கினாற்போல ஆளுயர ரோஜா மாலை ஒன்றைப் பிடித்திருந்தான்.

அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அவன் மாலையோடு அவளைத் தாண்டிப் போனான். போகும்போது, "ஏன்க்கா நிக்கிற, ஒக்காரு," என்றான். கதவருகில் நின்ற சிவசங்கரி அவன் தோளில் தொங்கிய பையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். அவன் அவளைப் பார்த்தான். "உள்ள போ," என்றாள் அவள்.

அசோகன் கலைமதியிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "நான் வாயத் தொறக்கல. சத்தியமா. தாம்பரம் மார்க்கெட்டாண்ட வரச்சொல்ல, 'மாமா, கொஞ்சம் நிறுத்துங்க'ன்னாரு. அப்பதான் பூ மூட்டையப் பிரிச்சிக்கினு இருந்தாங்க. நின்னு, கட்டி வாங்கியாந்தாரு."

காலையிலேயே எடுத்தார்கள். கொள்ளிச்சட்டியைச் செந்தமிழ் தூக்கினான். சுடுகாட்டுக்குப் போகிற வழி உப்பளத்தை ஒட்டித்தான். பாத்திகளில் அன்று யாரும் இறங்கவில்லை. அப்பா உப்பு வாரிய பாத்தி வரப்பில் கொஞ்ச நேரம் இறக்கிவைத்துவிட்டுத் தூக்கினார்கள் என்று ஆண்கள் திரும்பி வந்து சொன்னார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு கலைமதி புழக்கடையில் நின்றபோது செந்தமிழும் குளித்துவிட்டு வந்தான். அப்பாவின் வேட்டி ஒன்றைக் கட்டியிருந்தான். இரண்டு பேரும் வேலியோரத்து நிழலில் நின்றார்கள்.

"எப்பிடிடா தெரிஞ்சிது? மேளத்துலயா?"

"மேளத்துக்கு முன்னாடியே," என்றான். "அப்பாவப் பத்தி நீ என்னிக்காவது 'இருக்காரு'ன்னு சொல்லியிருக்கியாக்கா? திங்கலம்ப. மாத்திரைய துப்புறாரும்ப. என் உயிர எடுக்குறாரும்ப."

கலைமதிக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"தெரிஞ்சிமா அவ்ளோ நேரம் பேசின?"

"பேசறதுக்குத்தான கெளம்பினேன்," என்றான் அவன்.

அவனிடம் சொல்லவேண்டியதை அப்போதுதான் சொன்னாள். "நேத்து காத்தால உன்னக் கேட்டாரு. எங்க வந்துகினு இருக்கான்னு. பிளேன்ல சோறு தருவாங்களான்னு கேட்டாரு."

அவன் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தந்தாங்க," என்றான்.

மேரிசெல்வி வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்திருந்தன. செந்தமிழ் நாலு வாய் சாப்பிட்டான். கையைக் கழுவிக்கொண்டு வந்து கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்தவன், அசோகன் கேட்ட ஏதோ ஒன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்படியே சரிந்து தூங்கிப்போனான். வாய் திறந்திருந்தது. அங்கே, ஆக்லாந்தில், இப்போது பொழுது போய் விளக்கு வைத்திருப்பார்கள். இங்கே உச்சி வெயில்.

கலைமதி கட்டில் கிடந்த இடத்தில், ஈரம் காயாத வெறும் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். யாராவது கூப்பிடுவார்கள் என்று காது எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. கண் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்மா உள்ளிருந்து வருவதைப் பார்த்தாள். பாப்பாத்தி மகனின் காலடியில் உட்கார்ந்தாள். அத்தனை தூரம் தொங்கப்போட்டுக்கொண்டு வந்ததில் அவன் பாதங்கள் இரண்டும் உப்பிக் கிடந்தன. அவள் ஒரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கணுக்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்துவிட்டு, அந்தக் குழி மெல்ல மெல்ல மேலே வரும்வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கொஞ்சம் தள்ளி, இன்னோர் இடத்தில் அழுத்தினாள்.